ரெண்டு செருப்பு, ஒரு பிரேக்

அண்ணியின் காரைக் கிளப்ப இரண்டு பேர் வேண்டும். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்ப அண்ணி, பின்னால் நின்று தள்ள சோடா. அவர்களுடைய துப்பறியும் நிலையமும் ஏறக்குறைய இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சோடா அவளுடைய புருஷனின் தம்பி. கண்ணாடியின் கனத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் அவனுடைய அண்ணன் வாயைத் திறக்கவே மாட்டான். அந்தப் பங்கையும் சேர்த்துத் தம்பி பேசித் தீர்த்தான். அவன் வாய்க்கு வாய் அண்ணி என்று கூப்பிட்டதில் வாடிக்கையாளர், பால்காரர், இன்ஸ்பெக்டர் என்று எல்லாருக்குமே அவள் அண்ணியாகிவிட்டாள்.

"எண்ணூறு குதிரை சக்தி காரைப் பாக்க ஒரு கழுதை சக்தி கார்ல போறோம் அண்ணி. அந்தக் கழுதையும் நான்தான்" என்றான் சோடா மூச்சிரைக்க.

"கழுதை வாயை மூடிட்டுத் தள்ளினா சீக்கிரம் போலாம்."

அன்று காலையில்தான் ஒரு பெண் வந்திருந்தாள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை. சீருடையோடு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"என் வீட்டுக்காரர் பொய் சொல்றார் அண்ணி."

"பொய் சொல்லாத புருஷன் இருந்தா சொல்லுங்க, அது பெரிய கேஸ்" என்றான் சோடா.

அவள் சிரிக்கவில்லை. அவளுடைய புருஷன் குழாய்க் கம்பெனி முதலாளியின் டிரைவர். முதலாளி புதிதாக வாங்கிய மஞ்சள் கார், போன வாரம் ஒரு டிரைவிங் ஸ்கூலின் சுற்றுச்சுவரை உடைத்துக்கொண்டு பாய்ந்து, அங்கிருந்த காவலாளியின் காலை முறித்துவிட்டது. நான்தான் ஓட்டினேன் என்று டிரைவர் போலீசில் ஒப்புக்கொண்டுவிட்டார்.

"அவர் ஓட்டலை. எனக்குத் தெரியும். எனக்கு ரகசியமா ஒரு வாட்ச் வாங்கிட்டு வந்து, அதை மறைக்கத் தெரியாம சாயங்காலமே சொல்லிட்டார். அவருக்குப் பொய் வராது. இப்ப இந்த ஒரு பொய்யைக் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கிட்டிருக்கார். என் கண்ணைப் பாக்காம சொல்றார்."

"எதுக்கு அவசரம்?" என்றாள் அண்ணி.

"இன்னைக்குச் சாயங்காலம் நகர மண்டபத்துல கமிட்டி உக்காருது. பெரிய கார் வாங்கறவங்களுக்குத் தனிப் பயிற்சி கட்டாயமாக்கணுமான்னு பேசப்போறாங்க. என் வீட்டுக்காரரைத்தான் உதாரணமா கொண்டுவந்து நிறுத்தறாங்க. ஆயுசுக்கும் லைசென்ஸ் ரத்துன்னு எழுதிட்டா, அவருக்கு ஸ்டியரிங்கைத் தவிர வேற எதையும் பிடிக்கத் தெரியாது அண்ணி."

போலீஸ் ஸ்டேஷன் பின்புறத்தில் அந்த மஞ்சள் கார் மூக்கு நசுங்கிக் கிடந்தது. அதைப் பார்த்தால் பரிதாபம் வரவில்லை, நசுங்கிய பிறகும் அதற்குத் திமிர் போகவில்லை. இன்ஸ்பெக்டர் பல் குத்திக்கொண்டே வந்தார்.

"அவனே ஒத்துக்கிட்டான் அண்ணி. ஒத்துக்கிட்டவனை இல்லைன்னு சொல்ல எங்களுக்கு அதிகாரம் கிடையாது."

"காருக்குள்ள இருக்கற கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

"ஆக்சிலேட்டரை அடி வரைக்கும் அமுக்கியிருக்காங்க. பிரேக்கைத் தொடவே இல்லை."

"யாரோட கால்னு சொல்லுதா?"

"அது கார் கம்ப்யூட்டர் அண்ணி, ஜோசியர் இல்லை" என்றான் சோடா.

அண்ணி முன்பு காப்பீட்டுக் கம்பெனிக்காக, மோதிய வண்டிகளைப் பார்த்து என்ன நடந்தது என்று சொல்லும் வேலையில் இருந்தவள். நசுங்கிய தகரத்தை அவள் பார்க்கும் விதமே வேறு. காரை ஒரு சுற்று வந்தாள். இடது பக்கக் கதவு உள்வாங்கிப்போயிருந்தது.

"கார் எப்படி நின்னுச்சு?"

"நுழைவாசல் தூண்ல இடது பக்கம் அப்படியே பசை போட்ட மாதிரி ஒட்டிக்கிட்டு. கிரேன் வச்சுத்தான் பிரிச்சோம். வலது கதவு மட்டும் திறந்து கிடந்துச்சு. உள்ள யாரும் இல்லை."

அடுத்து ஆஸ்பத்திரி. காவலாளி மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, அதை யாரோ விருந்தாளி போல முறைத்துக்கொண்டிருந்தார்.

"முகம் பாக்கலைங்க. பாக்கறதுக்குள்ள வாசல் பலகை என் மேல விழுந்துடுச்சு."

"பலகைல என்ன எழுதியிருந்துச்சு?"

"பாதுகாப்பே முதல் பாடம்."

சோடா எவ்வளவோ முயன்றும் சிரிப்பு வந்துவிட்டது. காவலாளிக்கும் வந்தது, ஆனால் கால் வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் காதுல கேட்டுச்சுங்க. கார் வர்றப்போ உள்ளேர்ந்து ஒரு ஆம்பிளைக் குரல். பிரேக்கை மிதி, பிரேக்கை மிதின்னு ஒரே கத்தல். இன்ஜின் சத்தத்துல யார்னு தெரியலை."

வெளியே வந்ததும் சோடா துள்ளினான். "முடிஞ்சுது அண்ணி. கார்ல ரெண்டு பேர். ஒருத்தன் ஓட்டினான், ஒருத்தன் கத்தினான். ஓட்டறவன் எதுக்குக் கத்தறான்? மிதிக்கணும்னா மிதிச்சுட்டுப் போறான். கத்தறது எப்பவும் பக்கத்துல உக்காந்திருக்கறவன்தான். நீங்க ஓட்டறப்போ நான் கத்தறதில்லையா?"

"சரி. பக்கத்துல உக்காந்திருந்தவன் எப்படி இறங்கினான்?"

"கதவைத் திறந்து."

"இடது கதவு தூணோட ஒட்டியிருந்துச்சு."

"அப்ப வலது பக்கமா ஏறித் தாண்டி..."

"அந்தக் காருக்கு நடுவுல ஒரு மேடு இருக்கு, பாத்தல்ல? அதைத் தாண்டிக் குதிச்சு இறங்கறதுக்குள்ள ஊரே கூடியிருக்கும். உள்ள இருந்தது ஒரே ஆள்தான் தம்பி."

சோடா வாயை மூடினான். அது அபூர்வமாக நடக்கும் காரியம். ஒரே ஆள் ஓட்டவும் செய்து, பிரேக்கை மிதி என்று தனக்குத் தானே கட்டளையும் போட்டுக்கொண்டானா? அப்படியென்றால் அவன் பைத்தியமாக இருக்க வேண்டும், அல்லது அதிகாரியாக இருக்க வேண்டும் என்று தோன்றியது.

குழாய் முதலாளியின் அலுவலகத்தில் சுவர் முழுக்கக் குழாய்கள் பளபளத்தன, ஒன்றிலும் தண்ணீர் வரவில்லை. மேஜைக்குப் பின்னால் தங்கச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ் தொங்கியது. அதிவேக ஊர்திச் சிறப்புப் பயிற்சியில் முதலாளி மிகச் சிறப்பாகத் தேறியிருந்தார்.

"எங்க போய்க் கத்துக்கிட்டீங்க?" என்றாள் அண்ணி.

"எங்க போறது? அந்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் இங்கயே வந்து குடுத்தார். ஒரு டீ குடிக்கற நேரம்."

"காரை ஓட்டிப் பாத்தீங்களா?"

"எனக்கெதுக்குமா? டிரைவர் இருந்தானே."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே சுரைக்காயைச் சட்டம் போட்டு மாட்டியே வைத்திருந்தார்கள்.

"அவன்தான் ஓட்டினான், அவனே சொல்லிட்டான். பெரிய கார், சின்ன புத்தி" என்று முதலாளி பேச்சை முடிக்கப் பார்த்தார். அப்போது கதவோரம் நின்றிருந்த அவருடைய மகன் உள்ளே வந்தான். அவன் அந்த மஞ்சள் காரோடு எடுத்துக்கொண்ட படங்களை ஊரே கைபேசியில் பார்த்திருந்தது. அதனால் ஓட்டியது மகன்தான், முதலாளி டிரைவரின் தலையில் கட்டிவிட்டார் என்று ஊரில் பாதிப் பேர் முடிவே செய்துவிட்டார்கள். சோடாவும் அந்தப் பாதியில்தான் இருந்தான்.

"அப்பா, டிரைவர் அண்ணன் பாவம்பா" என்றான் மகன்.

"நீ வாயை மூடுடா. உனக்காகத்தானே..." முதலாளி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எனக்காகவா? நான் எங்கப்பா ஓட்டினேன்?"

மகன் அண்ணியின் பக்கம் திரும்பினான்.

"அந்தக் காரை நான் ஓட்டினதே இல்லை. பயமா இருக்கும். சாஞ்சு நின்னு போட்டோ மட்டும்தான் எடுப்பேன். அன்னைக்கு மாஸ்டர் அவங்க ஸ்கூல் விளம்பரத்துக்குப் படம் எடுக்கணும்னு காரை வரச் சொன்னார். எடுத்து முடிச்சதும் டிரைவர் அண்ணன் டீ குடிக்கப் போனார், நான் பின்னால பாத்ரூம் போனேன். சாவி கார்லயே இருந்துச்சு. சத்தம் கேட்டு ஓடிவந்து பாத்தா கார் அப்படிக் கிடக்கு. பழி என் மேலதான் விழும்னு பயந்து ஓடிட்டேன். நான் ஓடறதை அண்ணன் பாத்துட்டார்."

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. மகன் ஓடியதைப் பார்த்து, ஓட்டியது அவன்தான் என்று டிரைவர் நினைத்தார். டிரைவர் சொன்னதைக் கேட்டு அப்பாவும் அப்படியே நினைத்தார். நினைத்ததோடு நிற்காமல், பழியை நீ ஏற்றுக்கொள் என்று டிரைவரின் கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். சின்ன வயதிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிட்ட பையன் என்பதால் அந்த மனுஷனும் தலையாட்டிவிட்டார். செய்யாத ஒருவனைக் காப்பாற்ற, செய்யாத இன்னொருவர் உள்ளே போயிருந்தார்.

"இப்ப உண்மை தெரிஞ்சாச்சு. கமிட்டில வந்து சொல்லுங்க" என்றாள் அண்ணி.

"இப்ப மாத்திச் சொன்னா எனக்கில்ல அசிங்கம்?" என்றார் முதலாளி. "அவன் குடும்பத்தை நான் பாத்துக்கறேன்."

சோடாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் வழக்கமாகக் கோபத்தைக் கிண்டலாக மாற்றிவிடுவான். இந்த முறை அது மாறவில்லை, கோபமாகவே நின்றது.

டிரைவிங் ஸ்கூலில் உடைந்த சுவருக்குத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். மாஸ்டர் வெள்ளைச் சட்டை, கழுத்தில் விசில். விபத்தன்று முதலுதவிப் பெட்டியோடு முதலில் ஓடிவந்தவர் இவர்தான் என்று செய்தித்தாளில் படத்தோடு வந்திருந்தது. அதை வாசலிலேயே ஒட்டியிருந்தார்.

"சாயங்காலம் கமிட்டில நான்தான் பேசப்போறேன். பயிற்சி கட்டாயமாச்சுன்னா ஊர்ல எல்லாப் பணக்காரனும் என்கிட்டதான் வரணும்" என்றார் பெருமையாக.

"அதுக்குள்ள இவனுக்கு ஒரு பாடம் நடத்துங்களேன். இவன் தள்ளித்தான் பழக்கம், ஓட்டிப் பழக்கமில்லை" என்றாள் அண்ணி.

பயிற்சிக் கார் பழைய சின்னக் கார். சோடா வலது பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்தான், மாஸ்டர் இடது பக்கம். அண்ணி பின் சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டாள். கார் ஸ்கூல் மைதானத்தில் நகர்ந்தது. ஒரு பந்து குறுக்கே உருண்டது.

"பிரேக்கை மிதி, பிரேக்கை மிதி" என்று கத்தினார் மாஸ்டர். சோடா மிதிப்பதற்குள் கார் குலுங்கி நின்று, இன்ஜினும் அணைந்துபோனது. மறுபடி கிளப்பினார்கள். ஒரு காக்கை வந்தது. மறுபடி கத்தல், மறுபடி குலுக்கல், மறுபடி இன்ஜின் அணைந்தது.

இறங்கியதும் சோடா அண்ணியை ஓரம் கட்டினான். அவன் முகம் வாடியிருந்தது. "அதே கத்தல் அண்ணி. காவலாளி கேட்டது இவர் குரல்தான். ஆனா இவர் பக்கத்துல உக்காந்து கத்தறவர். அப்படின்னா ஓட்டினது டிரைவர்தான். நம்ம துப்பு நம்ம ஆளையே மாட்டிவிட்டுடுச்சு."

"இடது கதவு தம்பி, இடது கதவு. அதை மறந்துடறே." அண்ணி இன்னும் அந்தப் பழைய காரின் இடது பக்கத்துக்குள் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் காலடியிலும் இரண்டு பெடல்கள் இருந்தன. கற்றுக்கொள்பவன் தடுமாறினால் பக்கத்திலிருந்தே நிறுத்துவதற்காக, எல்லா டிரைவிங் ஸ்கூல் காரிலும் வைத்திருப்பதுதான். இடது பெடலின் ரப்பர் கடையில் வாங்கிய மாதிரி புதிதாக இருந்தது. வலது பெடலின் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்து இரும்பு தெரிந்தது.

"மாஸ்டர், நீங்க காரை ஓட்டுவீங்களா?"

"எனக்கு இந்தச் சீட்தாம்மா. கல்யாணமான நாள்லேர்ந்து இந்தச் சீட்தான்" என்று சிரித்தார். அதற்குள் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அவருடைய மனைவி. மாஸ்டர் பின்னால் ஏறி உட்கார்ந்து மண்டபத்துக்குக் கிளம்பினார். தெருமுனையில் வண்டி திரும்பும்போது அவர் வலது கால் காற்றை ஓங்கி மிதித்தது.

அண்ணி சோடாவின் காலைப் பார்த்தாள். "தம்பி, நல்ல செருப்பா போட்டிருக்கே?"

"ஏன் அண்ணி, யாரை அடிக்கணும்?"

"யாரையும் அடிக்க வேண்டாம். வா."

மண்டபத்தில் நீள மேஜைக்குப் பின்னால் கமிட்டி உட்கார்ந்திருந்தது. நடுவில் தலைவர், பணி ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. ஓர் ஓரத்தில் இன்ஸ்பெக்டரோடு டிரைவர், தலையைக் குனிந்துகொண்டு. முன்வரிசையில் குழாய் முதலாளி. அவரைப் பார்க்காமலிருக்கப் பிரயத்தனப்பட்டபடி டிரைவரின் மனைவி.

மாஸ்டர் பேச்சில் மண்டபமே சொக்கிப்போயிருந்தது. "காரை மட்டும் பெரிசா வாங்கினா போதுமா? காலுக்குப் படிப்பு வேணும். ஆபத்துல மூளை யோசிக்காது, கால்தான் யோசிக்கும். படிக்காத கால் என்ன பண்ணும்? இதோ இந்த ஆள் பண்ணினதைப் பண்ணும்." விரலை டிரைவர் பக்கம் நீட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அண்ணி எழுந்தாள். "மாஸ்டர் சொன்னது அத்தனையும் சத்தியம். ஒரு சின்னச் சோதனை பண்ணிக் காட்டலாமா?"

தலைவர் தலையசைத்தார். சோடா செருப்பைக் கழற்றி, ஒரு நாற்காலிக்கு முன்னால் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். கமிட்டிக்கு முன்னால் செருப்பா என்று ஓர் உறுப்பினர் முகம் சுளித்தார்.

"புதுச் செருப்புதாங்க, கமிட்டிக்காகவே காலைல துடைச்சேன்" என்றான் சோடா.

"அந்த மஞ்சள் கார்ல கிளட்ச் கிடையாது. ரெண்டே பெடல்தான்" என்றாள் அண்ணி. "இந்தச் செருப்பு ரெண்டும் அந்த ரெண்டு பெடல்னு வச்சுக்குங்க. டிரைவர் அண்ணா, உக்காருங்க. கார் ஓடுது. நிறுத்துங்க."

டிரைவரின் கால் யோசிக்காமல் இடது செருப்பில் போய் நின்றது. "பிரேக் இது" என்றார் மெதுவாக.

"சரி. மாஸ்டர், நீங்க வாங்க. கார் வேகமா போகுது. ஒரு குழந்தை குறுக்க ஓடிவருது. நிறுத்துங்க."

"பிரேக்கை மிதி, பிரேக்கை மிதி" என்றது மாஸ்டரின் வாய். அவர் கால் வலது செருப்பை நசுக்கிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் குனிந்து தன் காலையே பார்த்தார், அது வேறு யாருடையதோ என்பது போல.

"டிரைவிங் ஸ்கூல் கார்ல மாஸ்டர் பக்கமும் ரெண்டு பெடல். ஆனா அங்க இடது கிளட்ச், வலது பிரேக்" என்றாள் அண்ணி. "இவர் அந்த வலதை மட்டுமே மிதிப்பார், அதான் இன்ஜின் அணைஞ்சுக்கிட்டே இருக்கு. இத்தனை வருஷத்துல இவர் காலுக்கு வலது பெடல்னா பிரேக்குன்னுதான் தெரியும். அந்த மஞ்சள் கார்ல வலது பெடல் ஆக்சிலேட்டர். பயத்துல பிரேக்குன்னு நினைச்சு மிதிச்சிருக்கார். கார் பாய்ஞ்சிருக்கு. இன்னும் பயந்து இன்னும் அமுக்கியிருக்கார். பக்கத்துல மாணவன் இல்லாட்டியும் வாய் பழக்கத்துல கத்தியிருக்கு. வலது கதவால இறங்கிப் போய், முதலுதவிப் பெட்டியோட முதல் ஆளா திரும்பி ஓடிவந்திருக்கார். ஓட்டினவரும் கத்தினவரும் ஒரே ஆள்."

"மிதிக்க மிதிக்க ஓடுச்சும்மா" என்றார் மாஸ்டர், குழந்தை மாதிரி. "நிக்கவே மாட்டேன்னுடுச்சு."

நுணலும் தன் வாயால் கெடும். இன்ஸ்பெக்டர் பல்குச்சியைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்தார்.

"எதுக்கு அதுல ஏறினீங்க?" என்று கேட்டார் தலைவர்.

மாஸ்டருக்குக் கண் கலங்கியது. "இப்படிப்பட்ட காரை நீ ஓட்டியிருக்கியான்னு இங்க யாராவது கேட்டுட்டா என்ன சொல்றதுங்க? ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம்னு ஏறினேன்." பிறகு டிரைவரைப் பார்த்தார், பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டார். சோடாவுக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிப்போனது. மீதிப் பாதி, முன்வரிசையில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவருக்காக இருந்தது.

கமிட்டி கூடிப் பேசித் தீர்மானம் போட்டது. அதிவேகக் கார் வாங்குபவர்களுக்குச் சிறப்புப் பயிற்சி அவசியம். அதைக் கொடுப்பவர்களுக்கு அதற்கு முன்பே பயிற்சி அவசியம். அவர்களுக்கு யார் கொடுப்பது என்பதை ஆராய ஒரு துணைக் கமிட்டி. வாசிக்கும்போதே தலைவர் மேஜைக்கடியில் தன் கால்களை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சோடா மட்டும் கவனித்தான்.

வாசல் படியில் டிரைவரின் மனைவி புருஷனின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். திட்ட வேண்டும் என்று வந்தவள்தான், அழுகைதான் வந்தது. "இனிமே எனக்குத் தெரியாம நல்லவனா இருக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

குழாய் முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டு வந்தார். கையில் அவருடைய கறுப்புக் காரின் சாவி. "நடந்தது நடந்துபோச்சு. வாடா, வண்டியை எடு. வீட்டுக்குப் போலாம்."

டிரைவர் சாவியைப் பார்த்தார். பத்து விரலும் பழகிய சாவி. கையை நீட்டவில்லை.

"நீங்களே ஓட்டிட்டுப் போங்க ஐயா. உங்ககிட்டதான் சர்டிபிகேட் இருக்கே."

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் முதலாளியை அதிகம் சுட்டிருக்க வேண்டும். நீட்டிய சாவியோடு அப்படியே நின்றார்.

அண்ணியின் கார் வழக்கம்போல மக்கர் பண்ணியது. அண்ணி டிரைவரைப் பார்த்து, "அண்ணா, நீங்க உக்காருங்க. இதுக்கும் ஒரு நல்ல கால் கிடைக்கட்டும்" என்று ஸ்டியரிங்கை விட்டுக்கொடுத்தாள். அவர் மனைவியோடு பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். சோடா பின்னால் போய்க் கையை வைத்தான், கார் அசையவில்லை.

"என்னையும் வீட்ல இறக்கிவிட்டுடுங்களேன்" என்றார் முதலாளி, சாவியைப் பையில் போட்டபடி.

"அதுக்கென்ன ஐயா, இங்க வந்து கொஞ்சம் கை குடுங்க. இதுக்குச் சிறப்புப் பயிற்சி வேண்டாம்" என்றான் சோடா.

முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு தள்ள ஆரம்பித்தார். கார் உருண்டது, இருமியது, டிரைவரின் கால் பட்டதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஓடும் காரில் ஓடி ஏறுவது சோடாவுக்குத் தினசரி வேலை, ஏறிவிட்டான். முதலாளிக்கு அந்தப் பயிற்சி இல்லை.